சிலம்பமா, கராத்தேயா, ஜூடோவா, ஜிம்மா: உட்கார்ந்தே கிடக்கிற எலும்புக்கு எது சரி?

என் சித்தி மகளுக்கு 23 வயது. டிகிரி முடித்து இரண்டு வருஷமாக டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். காலை ஒன்பது மணிக்கு லைப்ரரியில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறுக்குத்தான் எழுந்திருக்கிறாள், வீட்டுக்கு வந்தால் மறுபடி நாற்காலி, அப்புறம் கட்டில், கையில் போன். போன மாதம் சித்தி வாசல் படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு வந்து நின்றதிலிருந்து இவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "அண்ணா, அம்மாவுக்கு 49தான் ஆகுது. எனக்கும் இப்படித்தான் ஆகுமா? ஏதாவது கிளாஸ் சேரலாம்னு இருக்கேன், சிலம்பமா கராத்தேயா ஜிம்மா, நீயே சொல்லிடு" என்றாள்.

சிலம்பம் போ என்று ஒரே வரியில் பதில் போட்டேன். ஏன் என்று கேட்டாள். அந்த ஏன் என்பதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இவ்வளவு நீளம். அவளுக்கு மட்டும் இல்லை, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் காலை மடக்கி உட்கார்ந்து நாள் முழுக்கக் கொலுசுக்குப் பற்றவைக்கிற பையனுக்கும், ஃபேர்லேண்ட்ஸ் வாடகை வீட்டில் பெங்களூரு கம்பெனிக்கு லேப்டாப் தட்டுகிற என்னை மாதிரி ஆளுக்கும் இதே கேள்விதான். நான் டாக்டர் இல்லை. ஒன்றரை வருஷமாகக் கம்பு சுற்றுகிறேன், அதற்கு முன்னால் ஜிம் போய்ப் போய் நிறுத்தியிருக்கிறேன், கோயம்புத்தூரில் படித்தபோது ஒன்றரை மாதம் ஜூடோ மேட் விரிப்பில் புரண்டிருக்கிறேன். இதையெல்லாம் எலும்பைப் பற்றித் தெரிந்துகொண்டதோடு சேர்த்து வைத்துத்தான் சொல்கிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எலும்பின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட 90 சதவீதம், 20 வயதுக்குள் சேர்ந்துவிடும். மிச்சம் மீதி 20களின் கடைசி வரைக்கும் ஏறும், அதற்குப் பிறகு காப்பாற்றுவதுதான் வேலை. அதனால் 23 வயதில் கிளாஸ் சேர்ந்து ஒரு வருஷம் விழுந்து விழுந்து பயிற்சி செய்தாலும் எலும்படர்த்தி ஏறுவது ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று சதவீதம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் அதே காலத்தில் அது கீழே போகலாம், ஆக வித்தியாசத்தை இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்க வேண்டும். அதோடு எலும்பு குழாய் மாதிரி: வெளிப்பக்கத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு ஏறி விட்டம் கொஞ்சம் கூடினாலும், வளைவைத் தாங்கும் பலம் அந்தப் பூச்சின் அளவுக்கு மேலேயே கூடும். டென்னிஸ் ஆடுகிறவர்களின் ஆடும் கையையும் சும்மா இருக்கும் கையையும் படம் எடுத்துப் பார்த்தால், ஒரே ஆளின் உடம்பிலேயே ஆடும் கை எலும்பு தடித்திருக்கும். சாப்பாடு ஒன்று, பரம்பரை ஒன்று, வெயில் ஒன்று. வேறு வேறாக இருந்தது அடி மட்டும்தான்.

அடி என்ற வார்த்தைதான் இங்கே முக்கியம். எலும்பு காய்ந்த கட்டை இல்லை. பழசைக் கொத்தி எடுக்கிற செல்கள் ஒரு பக்கம், புதுசாகப் பூசுகிற செல்கள் இன்னொரு பக்கம், வீட்டில் கொத்தனார் வேலை முடியாமலே நடந்துகொண்டிருக்கிற மாதிரி. எங்கே கொத்த வேண்டும், எங்கே பூச வேண்டும் என்று ஆள் ஏவுகிற மேஸ்திரி, எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கிற ஆஸ்டியோசைட் என்ற செல். எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்து நிமிரும்போது உள்ளே இருக்கிற நுண்ணிய கால்வாய்களில் திரவம் ஓடும், அந்த ஓட்டத்தைத்தான் அது மோப்பம் பிடிக்கிறது. பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892லேயே எழுதிவிட்டார். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதக்கிற ஆட்களுக்கு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இடுப்பெலும்பு கரைவதும் இதே கணக்கின் மறுபக்கம்தான்.

திரவம் ஓட வேண்டும் என்றால் பாரம் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்க வேண்டும். ஒரே நிலையில் ஐந்து நிமிஷம் தொடை நடுங்க நிற்பது தசைக்கு நல்லது, எலும்புக்குச் சேதி போகாது. தினமும் ஒரே திசையில் வருகிற பாரமும் அதற்குப் பழகிப்போய்விடும், பக்கவாட்டு, திருப்பம், குறுக்கே தாவல் என்று எதிர்பாராத திசையில் வந்தால்தான் விழித்துக்கொள்ளும். இன்னொன்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது: எண்ணிக்கை அதிகம் வேண்டாம். 1984ல் பறவை இறக்கை எலும்பில் செய்த சோதனையில் ஒரு நாளைக்கு 36 முறை பாரம் கொடுத்ததற்கும் 1800 முறை கொடுத்ததற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்ச நேரத்திலேயே எலும்புக்குக் காது அடைத்துவிடுகிறது, திரும்பக் கேட்க அதற்குச் சில மணி நேரம் ஓய்வு வேண்டும்.

இனி ஒவ்வொரு கிளாஸையும் இந்தக் கணக்கில் நிறுத்திப் பார்க்கலாம்.

எலும்பை மட்டும் கேட்டால் முதல் ஓட்டு ஜூடோவுக்குத்தான். பல நாடுகளில் ஜூடோ ஆடுகிறவர்களை அளந்து பார்த்திருக்கிறார்கள், சும்மா இருப்பவர்களைவிட மட்டும் இல்லை, வேறு பல விளையாட்டுக்காரர்களைவிடவும் அவர்களுக்கு எலும்படர்த்தி தூக்கலாகவே வருகிறது. ஏன் என்று ஒரு நாள் மேட்டில் விழுந்தால் தெரிந்துவிடும். எனக்கு முதல் இரண்டு வாரம் யாரையும் தூக்கிப் போடச் சொல்லித் தரவில்லை, விழத்தான் சொல்லித் தந்தார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை உருட்டி, கையை உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி உள்ளங்கையும் முன்கையும் ஒன்றாகப் படுகிற மாதிரி மேட்டை அறைய வேண்டும், டப் என்று. உகேமி என்பார்கள். டப் கேட்டால் சரியாக விழுந்திருக்கிறோம், தொப் என்று கேட்டால் தோள்பட்டை இரண்டு நாளைக்கு நினைவூட்டும். எதிராளி இழுக்கிறான், தள்ளுகிறான், திருப்புகிறான், நாம் கால் ஊன்றுகிறோம், எந்தத் திசையில் பாரம் வரும் என்று யாருக்கும் தெரியாது, எலும்புக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

விழக் கற்றுக்கொள்வதற்கு இன்னொரு லாபம் இருக்கிறது, இதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எலும்பு பெரும்பாலும் தானாக உடைவதில்லை, விழுந்துதான் உடைகிறது. சித்தி விழுந்தபோது எல்லாரும் செய்வதைத்தான் செய்தார்: கையை நீட்டி ஊன்றினார், மொத்த பாரமும் மணிக்கட்டில் இறங்கியது. பக்கவாட்டில் உருண்டு கையால் அறைந்து விழுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இடுப்பில் படுகிற அடி குறைகிறது என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். 23 வயதில் படித்த உகேமி 60 வயதில் பாத்ரூமில் கைகொடுக்குமா, தெரியாது, எனக்கு ஒரு தடவை மழை நாளில் ஏற்காடு ரோட்டில் வண்டி சறுக்கியபோது கொடுத்தது, சிராய்ப்போடு எழுந்தேன்.

அப்புறம் ஏன் அவளை ஜூடோவுக்கு அனுப்பவில்லை? மேட்தான் பிரச்சினை. நல்ல மேட் போட்ட கூடம், எடைக்கு எடை சரியான ஜோடி, விழ வைக்கத் தெரிந்த பயிற்சியாளர், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஜூடோ. சேலத்தில் கராத்தே போர்டு தெருவுக்குத் தெரு தொங்குகிறது, ஜூடோவுக்குத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. மெல்லிய ரப்பர் ஷீட்டை விரித்துவிட்டு ஜூடோ என்று சொல்கிற இடமாக இருந்தால் எலும்பு வளர்க்கப் போய் எலும்பு முறித்து வருவோம். நல்ல இடம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்தால் மேலே படிக்க வேண்டாம், போய்ச் சேருங்கள்.

கராத்தே, டேக்வாண்டோ இரண்டையும் நான் ஒன்றாக வைக்கிறேன், அந்தக் கலைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். எலும்புக் கணக்கில் பெயர் பொருட்டில்லை, அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் பொருட்டு. டேக்வாண்டோவில் தாவி உதைப்பது, திரும்பி உதைப்பது, பேடில் அடிப்பது அதிகம், காலுக்கும் இடுப்புக்கும் நல்ல தீனி. உதைக்கிற காலைவிட நிற்கிற காலுக்குத் திருகல் அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும், முட்டி பலவீனமானவர்களுக்கு அங்கேதான் வினை. கராத்தேயில் குமிட்டே, அதாவது எதிராளியோடு மோதுகிற பயிற்சி என்றால் முன்னும் பின்னும் துள்ளிக்கொண்டே இருப்பார்கள், அது அருமை. ஆனால் நான் போய்ப் பார்த்த ஒரு கிளாஸில் முக்கால் மணி நேரம் டைல்ஸ் தரையில் குதிரை நிலையில் நின்றபடி கைக்குத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள், மிச்ச நேரம் மெதுவாகக் கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்கிற அசைவுகள். வியர்வை ஊற்றியது, ஒழுக்கம் வந்தது, எலும்புக்குப் போன சேதி கொஞ்சம்தான். சேருவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், ஒரு மணி நேரத்தில் கால் எத்தனை முறை தரையை விட்டு எழும்பித் திரும்ப இறங்குகிறது என்று எண்ணுங்கள். பெல்ட் கலர் எத்தனை என்று கேட்பதைவிட இது உபயோகம். சீருடை, பெல்ட் டெஸ்ட், போட்டி நுழைவு என்று தனித்தனியாகக் காசு வாங்குவார்கள், அதையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இந்த வகுப்புகளின் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கெட்டியாக்குகிறேன் என்று பாட்டிலை வைத்து உருட்டுவது, பூரிக்கட்டையால் தட்டுவது. அதைச் செய்யாதீர்கள். எலும்பு வளைந்து நிமிர்வதுதான் வேலை செய்கிறது, மேல்தோலையும் எலும்புறையையும் கன்ற வைப்பது இல்லை.

சிலம்பத்துக்கு வருகிறேன், என் சார்பு எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள். கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு மண் மைதானத்தில் எங்கள் வகுப்பு, காலை ஆறு மணி, மூக்கனேரிப் பக்கமிருந்து காற்று வரும். முதல் மூன்று வாரம் கையில் கம்பு தரவே இல்லை. வெறும் காலடி. வாத்தியார் மண்ணில் குச்சியால் கோடு கிழிப்பார், அந்தக் கோட்டின் மேல் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, சட்டென்று திரும்பி ஒன்று, உட்கார்ந்து எழும்பித் தாவி ஒன்று. "காலு பேசணும் சாமி, அப்புறம் கம்பு பேசும்" என்பார். இருபது பேர் ஒன்றாகக் காலை மாற்றும்போது தரையில் கேட்கிற அந்தத் தட் தட் சத்தம், அதுதான் எலும்புக்குப் போகிற தந்தி என்று இப்போது எனக்குப் படுகிறது. வெறுங்கால், மண் தரை, எட்டுத் திசையிலும் திருப்பம், குட்டைக் குட்டைத் தாவல், இடையிடையே வாத்தியார் திட்டுகிற நேரம் ஓய்வு. ஆய்வகத்தில் உட்கார்ந்து எலும்புக்கு ஒரு பயிற்சி எழுதச் சொன்னாலும் ஏறக்குறைய இதைத்தான் எழுதுவார்கள்.

கைக்கு? கம்பு எடை கம்மி, அதனால் பளு தூக்குகிற அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் கம்போடு கம்பு மோதுகிற அடிமுறைப் பயிற்சிக்கு வந்தபின் மணிக்கட்டிலும் முன்கையிலும் அதிர்வு ஏறுவது நன்றாகத் தெரியும், இரண்டு கையும் மாறி மாறி வருவதால் டென்னிஸ் மாதிரி ஒரு கை மட்டும் தடிக்காது. அலங்காரச் சிலம்பம் மட்டும் சொல்லித் தருகிற இடங்களில், அதாவது மேடைக்காக நின்ற இடத்தில் நின்று வேகமாகச் சுற்றுவது மட்டும் என்றால், இந்தப் பலன் பாதியாகிவிடும். அங்கேயும் போய் ஒரு நாள் காலைப் பாருங்கள், கையைப் பார்க்காதீர்கள்.

குறை என்ன? முதுகெலும்புக்கும் தொடை எலும்பின் கழுத்துக்கும் போகிற பாரம் ஜூடோவையோ கனமான பளுவையோவிடக் குறைவு, இது என் கணிப்பு. ஒரு வருஷத்துக்கு மேல் அதே காலடி பழகிவிட்டால் எலும்பும் பழகிவிடும், அப்போது தாவலின் உயரத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஏதாவது சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிடும், அக்டோபர், நவம்பரில் பாதி நாள் வகுப்பு இருக்காது. இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் சிலம்பம் என்கிறேன் என்றால், வண்டியில் ஐந்து நிமிஷத் தூரத்தில் வாத்தியார் இருக்கிறார், ஒரு கம்பைத் தவிரச் செலவு கிடையாது, இருபது பேரில் பாதிப் பேர் பெண்கள், அக்கா தங்கை என்று சேர்ந்து வருகிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தபிறகு வீட்டில் சம்மதம் வாங்குவதும் சுலபமாகிவிட்டது. எலும்பில் ஒரு சுற்றுக் கொத்திப் பூசி முடிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் ஏறினது மெல்ல இறங்கும், ஆகவே ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் போகிற வகுப்புதான் நல்ல வகுப்பு. ஐந்து ரோட்டுச் சிக்னலைச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தாண்டிப் போக வேண்டிய உலகத்தரமான அகாடமிக்கு எத்தனை மாதம் போவோம்? நான் இரண்டு மாதம் போனேன்.

ஜிம்மை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் கனமான பளுவுக்கு ஈடே இல்லை. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்படர்த்தி குறைந்த பெண்களை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம், கூடவே ஆள் நின்று பார்த்துக்கொள்ள, நிஜமாகவே கனமான பளுவைத் தூக்க வைத்தார்கள், முதுகெலும்பு அடர்த்தி ஏறியது. அந்த வயதிலேயே முடியுமென்றால் 23க்கு என்ன. ஆனால் கனம் வேண்டும். இரண்டு கிலோ பிங்க் கலர் டம்பெல்லை ஐம்பது முறை தூக்குவது எலும்புக்குக் கேட்காது, பளுவோடு உட்கார்ந்து எழுகிற ஸ்க்வாட், தரையிலிருந்து தூக்குகிற டெட்லிஃப்ட் மாதிரி ஐந்தாறு முறைக்கு மேல் தூக்க முடியாத எடையை முறையாகக் கற்றுத் தூக்க வேண்டும். நம் ஊர் ஜிம்களில் ஒரு பெண் போய் நின்றால் ட்ரெட்மில்லைக் காட்டிவிட்டுப் போய்விடுகிற பயிற்சியாளர்கள்தான் இன்னும் அதிகம். பார்பெல், அதாவது நீளக் கம்பியில் எடை மாட்டித் தூக்குவது, கற்றுத் தருவீர்களா என்று வாய் விட்டுக் கேட்டுச் சேர வேண்டும்.

எதிலும் சேர நேரம் இல்லை, காசு இல்லை என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அது குதிப்பு. 2015ல் அமெரிக்காவில் 25 முதல் 50 வயது வரையான பெண்களை 16 வாரம், தினமும் இரண்டு வேளை, வேளைக்குப் பத்தோ இருபதோ முறை முடிந்தவரை உயரமாகக் குதிக்க வைத்தார்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் நடுவில் 30 வினாடி ஓய்வு. குதிக்காதவர்களோடு ஒப்பிட்டால் இடுப்பெலும்பு தேறியிருந்தது. இருபது குதிப்பு என்றால் பத்து நிமிஷம், தட்டுவடை செட் ஒரு தட்டு முடிக்கிற நேரம். லைப்ரரி மாடிப்படிக்குக் கீழே யாரும் பார்க்காதபோது பத்து, வீட்டில் பத்து. பலன் இடுப்புக்கும் காலுக்கும்தான், மணிக்கட்டுக்கு இல்லை, சமநிலை வராது, விழக் கற்றுக்கொள்ள முடியாது, சலிப்பு வேறு தட்டும்.

நடை, நீச்சல், சைக்கிள் மூன்றையும் சுருக்கமாக முடித்துவிடலாம். நடக்கும்போது காலில் இறங்குவது உடல் எடையைவிடக் கொஞ்சம் கூட, ஓடினால் இரண்டு மூன்று மடங்கு, குதித்து இறங்கினால் அதற்கும் மேல். அதனால் அண்ணா பூங்காவில் பேசிக்கொண்டே போகிற ரவுண்டு மனசுக்கும் சர்க்கரைக்கும் நல்லது, 23 வயது எலும்புக்குப் புதுச் சேதி எதுவும் இல்லை. ஏற்காடு மலை ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் சைக்கிளில் ஏறுகிற ஆட்களைப் பார்த்து நான் வணக்கம் வைப்பேன், இதயம் குதிரை மாதிரி இருக்கும், ஆனால் பாரத்தை சீட் தாங்குகிறது. ரோடு சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதை அளந்திருக்கிறார்கள், நீச்சல்காரர்களுக்கும் சும்மா இருப்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் வருவதில்லை, தண்ணீர் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. இதில் அவளுக்கு ஏதாவது உருப்படியாகத் தேறும் என்றால் அம்மாபேட்டைக் குமரகிரி படிதான், வீட்டுக்குப் பக்கம், ஏறுவது தொடைக்கு, தட்டித் தட்டி இறங்குவது எலும்புக்கு. ஏற்காட்டில் தோட்ட வேலை செய்கிற அக்காக்கள் காப்பிப் பழ மூட்டையோடு சரிவில் இறங்குவதைப் பார்த்தால் ஜிம்முக்கே அவசியம் இல்லையோ என்று தோன்றும், ஆனால் அது பயிற்சி இல்லை, பிழைப்பு, முட்டி தேய்வதையும் அவர்களேதான் சுமக்கிறார்கள்.

சேர்ந்தவுடன் ஒரு தப்பு எல்லாரும் செய்கிறோம், நானும் செய்தேன். இரண்டு வருஷம் அசையாத உடம்பை வைத்துக்கொண்டு முதல் வாரமே ஆறு நாள். புதுப் பாரம் வந்தால் எலும்பு முதலில் பழசைக் கொத்தத்தான் செய்யும், பூச்சு பின்னால்தான் வரும், அதற்குச் சில மாதங்கள் வேண்டும். அந்த இடைவெளியில் எலும்பு கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும், மூன்றாவது நாலாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி ஆரம்பிப்பது இதனால்தான். பரவலாகத் தசை வலித்தால் பரவாயில்லை. ஒரு விரலை வைத்து இந்த இடம் என்று காட்ட முடிகிற வலி, ராத்திரியிலும் விடாத வலி என்றால் நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும், எண்ணெய் நீவி விடக் கூடாது. முதல் ஆறு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், அதுவும் தாவலில் பாதி, அவ்வளவுதான்.

சாப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். இந்திய அளவுக் கணக்கில் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம். 100 கிராம் கேழ்வரகில் 350ஐ ஒட்டி இருக்கிறது, பால் 100 மில்லிக்கு 120 போல. இரவில் ஒரு உருண்டை களி, முருங்கைக்கீரைப் பொரியல், இரண்டு டம்ளர் பாலோ தயிரோ, அவ்வப்போது எள்ளுருண்டை, கணக்கு நெருங்கிவிடும். ஊரே ஜவ்வரிசிக்குப் பெயர் போனதுதான், ஆனால் அதில் இருப்பது மாவுச்சத்து, கால்சியத்தை அங்கே தேட வேண்டாம். அப்புறம் காலை இளவெயிலில் வைட்டமின் டி வரும் என்று எல்லார் வீட்டிலும் சொல்கிறார்கள். எங்கள் சிலம்ப வகுப்பு ஆறு மணிக்கு, அந்த வெயிலில் தோல் வைட்டமின் டி செய்வதற்கான கதிர் கிட்டத்தட்ட இல்லை, சூரியன் உயரே வர வேண்டும், பதினொன்றிலிருந்து இரண்டு மணி வெயில். ஒன்றரை வருஷம் விடிகாலையில் மைதானத்தில் நின்ற எனக்கே ரத்தப் பரிசோதனையில் அளவு குறைவு. லைப்ரரியில் மதியச் சாப்பாட்டுக்கு எழும்போது முழங்கை தெரிய ஒரு கால் மணி நேரம் வெளியே நின்றால் போதும் என்று அவளிடம் சொன்னேன், கறுத்துவிடுவேன் என்றாள். அது தனிச் சண்டை.

அவள் மாதிரிப் பெண்களுக்கு இன்னொன்று. கிளாஸ் சேர்ந்த உற்சாகத்தில் சாப்பாட்டைக் குறைத்து உடம்பைக் குறைக்கப் பார்ப்பார்கள், டேக்வாண்டோவிலும் ஜூடோவிலும் எடைப் பிரிவுக்காகப் பட்டினியே கிடப்பார்கள். உடம்புக்கு வருகிற சாப்பாடு செலவுக்குப் பற்றாவிட்டால் ஹார்மோன் சரியும், மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு கரையும், அந்த நிலையில் எவ்வளவு குதித்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர்தான். மூன்று மாதம் வராமல் இருந்தால் வாத்தியாரிடம் இல்லை, டாக்டரிடம் போக வேண்டும். ஏற்கெனவே லேசான அடிக்கே எலும்பு முறிந்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நாள்பட எடுப்பவர்கள், தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் சேரும் முன்பே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டாள். எனக்கு 26 வயதில் ஓர் இலவச முகாமில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லி, இரண்டு நிமிஷத்தில் டி ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதுக்காரர்களின் எலும்படர்த்தியோடு ஒப்பிடுகிற எண்) மைனஸ் ஒன்று சொச்சம், எலும்புத் தேய்வு ஆரம்பம் என்று மஞ்சள் சீட்டு கொடுத்து, அதே மேசையில் மூன்று மாத மாத்திரையும் விற்றார்கள். வாங்கினேன், ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களை டி ஸ்கோரை வைத்து முத்திரை குத்தக் கூடாது, அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடுகிற இசட் ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும், அது மைனஸ் இரண்டோ அதற்குக் கீழோ போனால்தான் வயதுக்குக் குறைவு என்பார்கள், அதுவும் இடுப்பிலும் முதுகிலும் எலும்படர்த்தி அளக்க எடுக்கிற டெக்ஸா ஸ்கேனில். வேறு காரணம் இல்லாத 23 வயதுக்கு அந்த ஸ்கேனும் தேவையில்லை. எண் மட்டுமே எல்லாம் இல்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அது எலும்பில் படிந்தவர்களுக்கு ஸ்கேனில் அடர்த்தி கூடுதலாகவே காட்டும், எலும்போ விறைத்து நொறுங்குகிற பதத்தில் இருக்கும்.

ஆக அவளுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். திங்கள், புதன், வெள்ளி காலை சிலம்பம், ஆறு வாரம் கழித்து வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் பார்பெல் கற்றுத் தருகிற ஜிம், மழையோ தேர்வோ வந்து வகுப்பு போனால் இருபது குதிப்பு. சேலத்தில் உருப்படியான ஜூடோ மேட் கண்ணில் பட்டால் சிலம்பத்தை விட்டுவிட வேண்டாம், மூன்று மாதம் போய் விழ மட்டும் கற்றுக்கொண்டு வந்துவிடலாம். துள்ளத் துடிக்கச் சண்டை போடுகிற ஆசை இருக்கிற என் மச்சான் பையனை மாதிரி ஆளாக இருந்தால் டேக்வாண்டோ என்றிருப்பேன். முன்பே முட்டி அடிபட்டவர் என்றால் ஜிம்மிலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன்.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டாம் நாளே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம், படி இறங்க முடியவில்லை என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. கம்பு எங்கே வாங்குவது என்று அதற்குள் கேட்கிறாள். முதல் மாதம் வாங்க வேண்டாம், வாத்தியாரிடம் பழசு கிடக்கும். வாங்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நின்று நெற்றிப் பொட்டு வரை அளந்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். நான் செருப்போடு அளந்து வாங்கினேன், இரண்டு விரல் கூடுதல், ஒன்றரை வருஷமாக முனை தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறது, வாத்தியாரும் ஒன்றரை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்.